தோல்வியைப் போற்றிய திரைப்படம்: ‘குரூசர் வார்யாக்’

சோவியத் நாட்டின் கடற்படைத் திரைப்படம் என்றவுடன் உலகினர் நினைவுக்கு வருவது ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ ஒன்றேயாகும். 1925ஆம் ஆண்டில் செர்கெய் ஐசன்ஸ்டைன் உருவாக்கிய அப்படம் திரைக்கலை பயில்வோர்க்கு இன்றும் பாடநூல் போல் விளங்குகின்றது. ஞாயிற்றின் ஒளியில் விண்மீன்கள் மறைவது போல, அதன் புகழொளியில் மறைந்துபோன படங்கள் பல. அவற்றுள் ஒன்று ‘குரூசர் வார்யாக்’ என்பதாகும்.

சிறுவர் படங்களுக்கென அமைக்கப்பெற்ற ‘சோயுஸ்தெத்ஃபில்ம்’ என்னும் நிலையம் 1946ஆம் ஆண்டில் இப்படத்தைத் தயாரித்தது. திரைக்கதையை எழுதியவர் கியோர்கி கிரெப்னர். இயக்கியவர் விக்டர் ஐசிமொந்த். மாஸ்கோ கலை அரங்கின் புகழ்பெற்ற நடிகரான போரிஸ் லிவானொவ், கப்பல் தலைவர் ருத்னேவாக நடித்தார். 1947ஆம் ஆண்டில் இப்படம் ஸ்டாலின் பரிசும் பெற்றது. இருந்தும் ரஷ்ய மொழி வழங்கும் நிலங்களுக்கு வெளியே இதனை அறிந்தோர் மிகச் சிலரே.

இப்படத்தில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் பெருவெற்றி கண்ட ஒரு நாடு, வெற்றிக் களிப்பு அடங்குமுன் எடுத்த போர்ப்படம் இது. ஆயினும் இதன் கதைப்பொருள் வெற்றியன்று; முழுத் தோல்வி. அத்தோல்வியில் நாயகனாகக் காட்டப்படுபவரோ ஜார் மன்னரின் கொடியின்கீழ்ப் பணிபுரிந்த அதிகாரி. ஜார் ஆட்சியை ஒழித்து எழுந்த அரசு, ஜாரின் அதிகாரியை ஏன் போற்றியது? அதற்கு விடை காண, அக்கப்பலின் கதையை முதலில் அறிதல் வேண்டும்.

செமுல்போவில் நிகழ்ந்தது

குரூசர் என்பது பெரும் போர்க்கப்பலினும் சிறியது, வேகம் மிக்கது, நெடுந்தொலைவு சென்று உளவறியவும் பகைவரின் வாணிகக் கப்பல்களை மறிக்கவும் பயன்படுவது. ரஷ்யக் கடற்படைக்காக அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் கட்டப்பெற்று, 1899ஆம் ஆண்டில் கடலில் இறக்கப்பட்ட குரூசரே வார்யாக். அதன் எடை ஏறத்தாழ 6,500 டன். நான்கு புகைபோக்கிகளும் ஆறு அங்குலப் பீரங்கிகள் பன்னிரண்டும் அதற்கு இருந்தன. மணிக்கு 23 கடல்மைல் செல்லும் வண்ணம் அது வடிவமைக்கப்பட்டது. எனினும் அதற்கு இரு பெருங்குறைகள் இருந்தன. கொதிகலன்கள் ஓயாது பழுதுபட்டமையால் அந்த வேகம் ஏட்டளவில் நின்றது. பீரங்கிகளுக்கு முன்னே கேடயத் தகடு இன்மையால், அவற்றை இயக்குவோர் திறந்த தளத்தில் நின்று குண்டுகளுக்கு இலக்காக வேண்டியிருந்தது.

1904ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இக்கப்பல் கொரியாவின் செமுல்போ துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்தது. இன்று இஞ்சோன் என வழங்கும் நகரம் அதுவே. கொரியா எவருடைய செல்வாக்கின்கீழ் இருப்பது என்பது பற்றி ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் பூசல் முற்றியிருந்த நேரம் அது. வார்யாக்கோடு ‘கொரியெத்ஸ்’ என்னும் சிறிய பீரங்கிப் படகும் அங்கே இருந்தது. பிப்ரவரி 8ஆம் நாள் கடிதங்களோடு ஆர்தர் துறைமுகத்துக்குப் புறப்பட்ட கொரியெத்ஸை ஜப்பானியக் கடற்படை மறித்தது. டார்பிடோக்கள் ஏவப்பட்டன, அவை தவறின. படகு துறைமுகத்துக்கே திரும்பியது.

மறுநாட்காலை ஜப்பானியத் தளபதி யூரியுவின் கடிதம் வந்தது. நண்பகலுக்குள் ரஷ்யக் கப்பல்கள் துறைமுகத்தை விட்டு வெளியேற வேண்டும். இன்றேல் மாலை 4 மணிக்குத் துறைமுகத்துக்குள்ளேயே தாக்கப்படும் என்பது அதன் சாரம். அங்கே பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, அமெரிக்கா ஆகிய நாடுகளின் போர்க்கப்பல்களும் நின்றிருந்தன. நடுநிலைத் துறைமுகத்தில் தாக்குவது முறையன்று என்று முதல் மூன்று நாட்டுக் கப்பல்களின் தலைவர்களும் எழுத்து வடிவில் கண்டனம் தெரிவித்தனர். அமெரிக்கக் கப்பலின் தலைவர் அதிற் கையெழுத்திடவில்லை. கண்டனம் தாளில் நின்றது. ரஷ்யருக்குத் துணையாக எக்கப்பலும் நகரவில்லை.

வார்யாக்கின் தலைவர் வசெவொலொத் ருத்னேவ், வெளியே சென்று போரிடுவது என்று முடிவு செய்தார். எதிரே நின்றவை குரூசர்கள் ஆறு, டார்பிடோப் படகுகள் எட்டு. அவற்றுள் ‘அசாமா’ என்னும் கவசக் கப்பல் ஒன்றே வார்யாக்கினும் வலிமை மிக்கது. வெளியேறும் வழியோ மணல்திட்டுகளுக்கும் தீவுகளுக்கும் இடைப்பட்ட குறுகிய கால்வாய். மெதுவாகச் செல்லும் கொரியெத்ஸை விட்டுத் தனித்து ஓடவும் ருத்னேவ் முயலவில்லை. சாவை நோக்கிச் செல்லும் அவ்விரு கப்பல்களையும், அயல்நாட்டு மாலுமிகள் தத்தம் தளங்களில் அணிவகுத்து நின்று வாழ்த்தொலி எழுப்பி வழியனுப்பினர்.

சண்டை ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீடித்தது. வார்யாக்கின் சுக்கான் பொறி சிதைந்தது. தளங்களில் தீப் பரவியது. பீரங்கிகள் பல வாயடைத்துப் போயின. ருத்னேவ் தலையில் காயமுற்றார். ஏறத்தாழ 570 பேர் இருந்த அக்கப்பலில் 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; 190 பேர் அளவில் காயமுற்றனர். ஒரு பக்கமாகச் சாய்ந்த நிலையில் கப்பல் துறைமுகத்துக்குத் திரும்பியது. மாலுமிகளைப் பிரிட்டிஷ், பிரெஞ்சு, இத்தாலியக் கப்பல்கள் ஏற்றுக்கொண்டன. கொரியெத்ஸ் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. வார்யாக்கையும் அவ்வாறு தகர்த்தால் அருகிலுள்ள தங்கள் கப்பல்களுக்குக் கேடு நேரும் என்று அயல்நாட்டுத் தலைவர்கள் கூறியமையால், அடித்தளத்து நீர்வழிகளைத் திறந்து அதனை மூழ்கடித்தனர். இச்சிறு செய்தி பின்னர்ப் பெரும் விளைவைத் தந்தது.

போற்றலும் புறக்கணித்தலும்

தோற்றவர்களாக வந்த மாலுமிகளை ரஷ்யா வெற்றி வீரர்களைப் போல் வரவேற்றது. 1904ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பீட்டர்ஸ்பர்க் நகரில் பெருங்கூட்டம் திரண்டது. ஜார் இரண்டாம் நிக்கொலாஸ் குளிர்கால அரண்மனையில் அவர்களுக்கு விருந்தளித்தார். அவர்களுக்கெனத் தனிப் பதக்கமே வார்க்கப்பட்டது. ஆஸ்திரிய நாட்டுப் புலவரான ருடோல்ப் கிரைன்ஸ் ஜெர்மன் மொழியில் அக்கப்பலைப் பற்றி ஒரு பாடல் இயற்றினார்; யெவ்கேனியா ஸ்துதென்ஸ்கயா அதனை ரஷ்ய மொழியில் தந்தார். ரஷ்ய மக்கள் தம் சொந்தப் பாடலாகவே அதனை ஏற்றுக்கொண்டனர்.

ஆர்தர் துறைமுகம் முற்றுகைக்கு ஆளாகிப் போர்ச் செய்திகள் கசப்பாகவே வந்துகொண்டிருந்த காலம் அது. மக்களுக்குக் காட்ட அரசுக்கு ஒரு வீரச்செயல் தேவைப்பட்டது. வார்யாக் அத்தேவையை நிறைவு செய்தது. தேவை தீர்ந்ததும் நிலைமை மாறியது. 1905ஆம் ஆண்டில் புரட்சி அலை எழுந்தபோது, தம் பொறுப்பிலிருந்த மாலுமிகள்மீது கடுநடவடிக்கை எடுக்க ருத்னேவ் மறுத்தார். அவ்வாண்டு நவம்பரில் அவர் ஓய்வில் அனுப்பப்பட்டார். ஜாரின் மெய்க்காப்பு அதிகாரிகளுள் ஒருவர் என்னும் சிறப்புப் பெற்றிருந்த அவர், தூலா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் ஒதுங்கி வாழ்ந்து 1913ஆம் ஆண்டில் மறைந்தார்.

அவரைத் தாய்நாடு மறந்திருந்த வேளையில் பகைநாடு நினைத்தது என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. 1907ஆம் ஆண்டில் ஜப்பானியப் பேரரசர் ருத்னேவுக்கு உதயசூரியன் விருதினை அளித்தார். ருத்னேவ் அதனைப் பெற்றுக்கொண்டார். ஆயின் ஒருநாளும் அணிந்தாரில்லை.

நாற்பது ஆண்டுகள் கழித்து

1917ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் இக்கதைக்கு இடமில்லாது போயிற்று. ஜப்பானுடன் நிகழ்ந்த போரில் தோற்றது ரஷ்ய மக்களல்லர், ஜாராட்சியே என்று 1905இலேயே லெனின் எழுதியிருந்தார். அத்தோல்வியே புரட்சிக்கு வழி திறந்தது என்பது போல்ஷெவிக்குகளின் கருத்து. அந்நோக்கில் பார்த்தால், ஜாரின் போரில் போரிட்ட கப்பலைப் போற்றுவதற்கு ஒன்றுமில்லை.

ஹிட்லரின் படையெடுப்பு இந்நோக்கினை மாற்றியது. நாடு காக்கும் போரில் மக்களின் உள்ளத்தை எழுப்ப, பழைய ரஷ்யாவின் தளபதிகள் மீண்டும் அழைக்கப்பட்டனர். 1943ஆம் ஆண்டில் படையதிகாரிகளின் தோட்பட்டைகள் திரும்பி வந்தன. 1944ஆம் ஆண்டில் உஷாக்கொவ், நாகீமொவ் என்னும் பழங்கடற்படைத் தலைவர்களின் பெயரால் விருதுகள் நிறுவப்பட்டன. 1945ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள், ஜப்பான் சரணடைந்த அன்று, ஸ்டாலின் ஆற்றிய உரை முத்தாய்ப்பாக அமைந்தது. 1904ஆம் ஆண்டுத் தோல்வி நாட்டின்மீது படிந்த கறை என்றும், அது துடைக்கப்படும் நாளுக்காகத் தம் தலைமுறையினர் நாற்பது ஆண்டுகள் காத்திருந்தனர் என்றும் அவர் கூறினார். ஜாரின் தோல்வி என்று ஒருகாலத்தில் கூறப்பட்டது, இப்போது நாட்டின் தோல்வியாக மாறியது.

‘குரூசர் வார்யாக்’ திரைப்படம் இந்த மாற்றத்தின் குழந்தை. பழி தீர்ந்த பின்னரே பழைய காயத்தைத் திறந்து காட்டலாம் என்னும் துணிவு பிறந்தது. காட்டத் தெரிந்தெடுத்த காயமும் தக்கதாகவே இருந்தது. சுஷிமாவில் ஒரு பெருங்கடற்படையே அழிந்த கதையில் தலைமையின் தவறுகள் மலிந்திருந்தன. செமுல்போவிலோ அத்தகைய சிக்கல் இல்லை. பகைவர் பலர், தாம் சிலர்; அழைப்பு வந்தது, சென்றார்கள், போரிட்டார்கள், கொடியை இறக்கவில்லை. சிறுவர்க்குச் சொல்லவும் ஏற்ற எளிய, தூய கதை அது.

அக்காலத்தில் வரலாற்றுப் படம் எடுப்பது எளிய செயலன்று. அதே 1946ஆம் ஆண்டில் புதோவ்கின் எடுத்த ‘தளபதி நாகீமொவ்’ படத்தின் முதல் வடிவத்தைக் கட்சியின் மத்தியக் குழு வெளிப்படையாகக் கண்டித்தது. போர்க்களத்தினும் நடன விருந்துகளுக்கு மிகுந்த இடம் தரப்பட்டது என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. புதோவ்கின் படத்தைத் திருத்தி எடுக்க நேர்ந்தது. கலைஞன் எதைக் காட்டலாம், எவ்வளவு காட்டலாம் என்பதை அரசு அளந்து கொடுத்த காலம் அது.

கப்பலுக்காக நடித்த கப்பல்

கதை கிடைத்தது, கப்பல் எங்கே? வார்யாக் அப்போது உலகில் இல்லை. இந்த இடர்ப்பாடு சோவியத் திரையுலகுக்குப் புதிதன்று. ‘பொட்டெம்கின்’ எடுக்கப்பட்ட காலத்தில் உண்மையான பொட்டெம்கின் கப்பல் உடைக்கப்பட்டுவிட்டமையால், ‘பன்னிரு அப்போஸ்தலர்கள்’ என்னும் பழைய கப்பலின்மீது மரத்தால் மேற்கட்டு அமைத்தே ஐசன்ஸ்டைன் படம் பிடித்தார்.

வார்யாக்காக நடிக்கத் தெரிந்தெடுக்கப்பட்டது சோவியத் நாடே தெய்வம் போல் போற்றிய ‘அரோரா’ குரூசர்! 1917ஆம் ஆண்டு அக்டோபர்ப் புரட்சியின்போது குளிர்கால அரண்மனையை நோக்கி வெற்றுவேட்டு முழக்கி அடையாளம் காட்டிய கப்பல் அது. ஐசன்ஸ்டைனின் ‘அக்டோபர்’ படத்தில் அது தானாகவே தோன்றியதும் உண்டு. வார்யாக்கும் அரோராவும் அளவில் ஏறத்தாழ ஒத்தவை. காலத்தாலும் உடன்பிறப்புப் போன்றவை. கண்ணுக்குத் தெரியும் பெருவேறுபாடு ஒன்றே: வார்யாக்குக்கு நான்கு புகைபோக்கிகள், அரோராவுக்கு மூன்று. எனவே நான்காவதாகப் பொய்ப் புகைபோக்கி ஒன்றைப் பொருத்தி அரோராவை வார்யாக் ஆக்கினர்.

அப்பொழுது அரோராவே காயம்பட்ட கப்பலாக இருந்தது. லெனின்கிராட் முற்றுகையின்போது அதன் பீரங்கிகள் கழற்றப்பட்டு நகருக்கு வெளியே குன்றுகளில் நிறுத்தப்பட்டன. ஒரானியன்பாம் துறையில் நின்ற கப்பல், குண்டுகள் பட்டு நீர் புகுந்து, 1941ஆம் ஆண்டு செப்டம்பரில் தரை தட்டியது. 1944ஆம் ஆண்டில்தான் மீட்கப்பட்டது. தன் போரில் மூழ்கி எழுந்த ஒரு கப்பல், தன் தோழமைக் கப்பலின் மூழ்குதலைத் திரையில் நடித்துக் காட்டியது. படப்பிடிப்பு முடிந்து பழுதுபார்க்கப்பட்டபின், 1948ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அது நேவா ஆற்றங்கரையில் நினைவுச் சின்னமாக நிறுத்தப்பட்டது.

மலாக்கா நீரிணை கண்டவை

திரையில் வார்யாக்காக நடித்த அரோராவுக்கு இந்நாட்டுக் கடலோடும் தொடர்பு உண்டு. செமுல்போ சண்டைக்கு மறுஆண்டில், ஜப்பானைத் தாக்குவதற்காகப் பால்டிக் கடலிலிருந்து உலகைச் சுற்றிவந்த ரஷ்யக் கடற்படையில் அரோராவும் ஒன்று. மலாக்கா நீரிணையைக் கடந்து அக்கடற்படை 1905ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் சிங்கப்பூரைத் தாண்டிச் சென்றது. தளங்களிலெல்லாம் நிலக்கரி குவிக்கப்பட்டிருந்தது. கப்பல்கள் துறைமுகத்தில் நிற்கவில்லை. ரஷ்யத் தூதர் சிறு நீராவிப் படகில் எதிர்சென்று செய்தி அளித்தார். மஞ்சூரியாவின் முக்டன் போரிலும் ரஷ்யப்படை தோற்றது என்பது அச்செய்திகளுள் ஒன்று. மே மாதம் 27, 28 ஆகிய நாட்களில் சுஷிமாவில் அக்கடற்படை அழிந்தது. தன் தலைவரை இழந்த அரோரா, ‘ஒலெக்’, ‘ஜெம்சுக்’ என்னும் இரு குரூசர்களோடு தப்பி மணிலாவை அடைந்தது.

உடன் தப்பிய ஜெம்சுக்குக்கு முடிவு இந்நீரிணையிலேயே காத்திருந்தது. முதலாம் உலகப் போரில், 1914ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் விடியற்காலையில், பினாங்குத் துறைமுகத்தில் நின்ற ஜெம்சுக்கை ஜெர்மானியக் கப்பல் ‘எம்டன்’ டார்பிடோவால் மூழ்கடித்தது. ரஷ்ய மாலுமிகள் 80க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பினாங்கின் மேற்குச் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் உண்டு. அதற்கு ஒரு மாதத்துக்கு முன் சென்னைமீது குண்டு வீசி, ‘எம்டன்’ என்னும் சொல்லையே எதற்கும் துணிந்த சூழ்ச்சிக்காரனைக் குறிக்கும் தமிழ் வழக்காக ஆக்கிவிட்டுச் சென்ற கப்பல் அதுவே. மூன்று புகைபோக்கிகள் கொண்ட எம்டன், பிரிட்டிஷ் கப்பல் போல் தோன்றுவதற்காக மரத்தாலும் துணியாலும் நான்காவது புகைபோக்கி ஒன்றைப் பொருத்திக்கொண்டே பினாங்கினுள் நுழைந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் அரோராவும் அதே வேடத்தைப் புனைந்தது. முன்னது பகைவரை ஏமாற்றப் புனைந்தது. பின்னது மாண்டவரை நினைவூட்டப் புனைந்தது.

திரையும் உண்மையும்

நினைவூட்டும் வேடமேனும் வேடம் வேடமே. இத்தகைய படத்தைக் காண்போர் வரலாற்றையும் உடன்வைத்துக் காணுதல் நன்று. ஜப்பானியக் கப்பல்களுக்குப் பெருஞ்சேதம் விளைவித்ததாக ருத்னேவ் தம் அறிக்கையில் எழுதினார். பல ஆண்டுகள் ரஷ்ய நூல்கள் அதனையே எடுத்துக்கூறின. ஜப்பானியப் பதிவேடுகளோ அச்சண்டையில் தம் பக்கம் உயிரிழப்பு எதையும் காட்டவில்லை. ஆயின் இதனால் மாலுமிகளின் வீரம் குறைவதில்லை. வெல்லலாம் என்று எண்ணிப் போனவர்களைவிட, வெல்ல இயலாது என்று அறிந்தே போனவர்களின் துணிவு பெரிது. பகைவருக்கு விளைத்த சேதத்தால் அதனை அளக்க வேண்டுவதில்லை.

கப்பலின் கதையும் மூழ்கியதோடு முடியவில்லை. வெடிவைக்காது மூழ்கடித்தமையால் 1905ஆம் ஆண்டில் ஜப்பானியர் அதனை உயர்த்தியெடுத்து, ‘சோயா’ எனப் பெயரிட்டுப் பயிற்சிக் கப்பலாக்கினர். முதலாம் உலகப் போரில் இரு நாடுகளும் நட்பாயின. 1916ஆம் ஆண்டில் ரஷ்யா அதனை விலை கொடுத்து மீட்டது. பழுதுபார்க்க இங்கிலாந்து சென்றபோது புரட்சி வெடித்தது. பிரிட்டன் கப்பலைக் கைப்பற்றிக்கொண்டது. 1920ஆம் ஆண்டில் பழைய இரும்பாக விற்கப்பட்டு, ஜெர்மனிக்கு இழுத்துச் செல்லப்பட்ட வழியில், ஸ்காட்லாந்தின் லெண்டல்ஃபுட் சிற்றூர் அருகே பாறையில் மோதி நின்றது. கொடியை இறக்க மறுத்த கப்பல் மூன்று நாடுகளின் கைகளுக்கு மாறி, உடைபடுவதற்குச் செல்லும் வழியில் அழிந்தது.

படத்தால் விளைந்த நன்மை வேறோரிடத்தில் தெரிந்தது. செமுல்போவின் ஐம்பதாம் ஆண்டு நிறைவான 1954இல், அப்பொழுதும் உயிரோடிருந்த வார்யாக் மாலுமிகள் நாடெங்கும் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டுத் துணிவுப் பதக்கம் வழங்கப்பெற்றனர். இருபது வயது இளைஞர்களாக ஜாரின் விருந்தில் அமர்ந்தவர்கள், எழுபது வயது முதியவர்களாகச் சோவியத் அரசின் பதக்கத்தை அணிந்தனர். 1956ஆம் ஆண்டில் தூலா நகரில் ருத்னேவுக்குச் சிலை எழுந்தது.

இரு அரசுகள் அவர்களைப் போற்றின. இரு அரசுகளும் தத்தமக்குத் தேவையான காலத்தில் போற்றின. இடையில் நெடுங்காலம் மறந்திருந்தன. அம்மாலுமிகளோ ஒருமுறைதான், ஒரு மணி நேரம்தான், தம் கடமையைச் செய்தனர். அந்த ஒரு மணி நேரம் மாறவில்லை. அதனைப் பார்த்த கண்களே மாறின. அரசின் ஆணைக்கு உட்பட்டு எடுக்கப்பட்ட படமாயினும், முதியவர்கள் சிலர் தம் வாழ்நாளுக்குள் உரிய மதிப்பைப் பெறுவதற்கு ‘குரூசர் வார்யாக்’ வழி செய்தது எனலாம். மறந்துபோன இத்திரைப்படத்தை இன்று தேடிக் காண்பதற்கு அதுவே போதிய காரணமாகும்.